பழைய கடை ஓனருடன் ராஜியான கதை

கடை பிடிக்கும்போது அட்வான்ஸ் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தகராறு வந்தால் கேஸ் போடச் சொல்லித் தூண்டிவிடவும் ஆள் உண்டு. போட்ட கேஸிலிருந்து வெளியே வருவது எப்படி என்று கேட்டால்தான் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு ஒரு பேக்கரி இருந்தது. 2016இல் வாடகைக்கு எடுத்த கடை, 2022 ஜூன் கடைசியில் காலி செய்தேன். அதன் அட்வான்ஸ் பிரச்சினை கோர்ட்டுக்குப் போய், ராஜியாகி முடிந்தது 2025இல். நான் வக்கீல் இல்லை, ரொட்டி சுடுகிறவன். அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், முன்னால் போனவன் சொல்லும் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் 4 லட்சம். பேக்கரி என்றாலே ஓவன், புகைப்போக்கி, த்ரீ பேஸ் கரண்ட் என்று ஓனர்கள் மிரளுவார்கள், அதனால் மற்ற கடைகளைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாத அக்ரிமென்ட், அதற்குப் பிறகு எல்லாம் வாய்ப் பேச்சு. வாடகை 26,000இல் ஆரம்பித்துக் கடைசியில் 35,000 ஆனது. ஓனர் பெரியவர், மரியாதையானவர், தினமும் சாயங்காலம் வந்து ஒரு தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டுப் போவார். 2020 லாக்டவுனில் வியாபாரம் படுத்தபோது அவராகவே வந்து, "ஏனுங் தம்பி, பாதி போடுங்க போதும், கடை ஓடட்டும்" என்றார். அந்த வருடம் 8 மாதம் பாதி வாடகைதான் கொடுத்தேன். அப்போது அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022 மார்ச்சில், சரவணம்பட்டியில் வேறு இடம் கிடைத்திருக்கிறது, ஜூனோடு காலி செய்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதிச் சொன்னேன். ‘சரி’ என்று பதிலும் வந்தது. ஜூன் 30 சாயங்காலம் சாமான் எல்லாம் ஏற்றிவிட்டு, கடை முழுக்க வீடியோ எடுத்தேன். தரை, சுவர், புகைப்போக்கி போன ஓட்டையை சிமென்ட் வைத்து அடைத்த இடம், கரண்ட் மீட்டர் ரீடிங் எல்லாம் அதில் இருக்கும். ஓனர் ஊரில் இல்லை என்று சாவியை அவர் மருமகனிடம் கொடுத்தோம். அட்வான்ஸ் எப்போது என்று கேட்டதற்கு, "மாமா வரட்டுங்க" என்றார். மாமா வந்தார். பணம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, பெயிண்ட், டைல்ஸ் எல்லாம் போட வேண்டியிருக்கிறது, ஒரு லட்சம் தருகிறேன், வாங்கிக்கொண்டு போங்கள் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். புதுக் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வீட்டு நகையை வைத்து 3 லட்சம் வாங்கியிருந்தேன். ஒரு லட்சம் என்றதும் எனக்குக் கண்ணே இருட்டிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி சாவி விஷயத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, காலியான இடம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. இடம் எப்போது கைக்கு வந்தது என்பதற்கு சாவிதான் சாட்சி. அதனால்தான் சில ஓனர்கள் ‘இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்’ என்று சாவியைத் தொடவே மாட்டார்கள். நேரில் வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் (பழைய பதிவுத் தபால் 2025இல் அதோடு சேர்ந்துவிட்டது), ஒப்புகையோடு, ஒரு கடிதம் வைத்து சாவியை அனுப்பிவிடுங்கள். வேறு யாரிடமாவது கொடுத்தால், ‘இன்றைக்கு இன்னாரிடம் சாவி கொடுத்தேன், மீட்டர் ரீடிங் இது’ என்று ஓனர் நம்பருக்கே போட்டோவோடு அனுப்புங்கள். நான் அனுப்பியிருந்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு மெசேஜ்தான்.

நான் வக்கீல் நோட்டீஸ் விட்டேன். பதில் நோட்டீஸ் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் 2023 தொடக்கத்தில் கோர்ட் அமீனா வந்தார். சாயங்கால நேரம், பஃப்ஸ் தட்டு அப்போதுதான் ஓவனிலிருந்து வெளியே வந்திருக்கிறது, கடை நிறையக் கூட்டம். எல்லார் முன்னாலும் பெயரைக் கேட்டு, சம்மனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிராதை, அதாவது அவர் போட்ட வழக்கு மனுவை, பிரித்தால், லாக்டவுனில் தராத பாதி வாடகை 1,40,000. சாவியை அக்டோபர் கடைசியில்தான் கொடுத்தேன் என்று நாலு மாத வாடகை 1,40,000. கடைக்குச் சேதாரம் 5,20,000. ஆக மொத்தம் 8 லட்சம், அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு மீதி 4 லட்சத்தை நான் தர வேண்டுமாம். நான் அவரிடம் கேட்டது நாலு லட்சம், அவர் என்னிடம் கேட்டதும் அதே நாலு லட்சம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வாடகை பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2020 பாக்கி காலாவதியாகியிருக்காதா என்று வக்கீலிடம் கேட்டேன். மூன்று வருடமே இன்னும் முடியவில்லை, அதோடு கொரோனாவுக்காக 15.3.2020 முதல் 28.2.2022 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது என்றார்.

சம்மன் வந்த பிறகு பலர் செய்வது, ‘பொய்க் கேஸ்தானே’ என்று போகாமல் இருந்துவிடுவது. நம் பக்கம் யாரும் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நாம் இல்லாமலே தீர்ப்பு, ஆகிவிடும், அப்புறம் அதை ரத்து செய்யத் தனி மனு, தனிச் செலவு. 30 நாளில் எதிருரை, அதாவது பிராதுக்கு நம் பதில், போட வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை இழுக்கலாம். எதிருரையோடு சேர்த்து, என் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று எதிர்க்கோரிக்கையும் வையுங்கள். தனிக் கேஸ் போட வேண்டியதில்லை, அதே வழக்கில் இரண்டும் நடக்கும். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தது, அதனால் 4 லட்சத்துக்கு 12,000 கட்டினேன். இது சிவில் கோர்ட்டில் நிற்குமா, வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டுமா என்று ஒரு சட்டக் கேள்வி இருந்தது. அதைக் கிளப்பினால் அந்தக் கேள்விக்கே தனியாக வருடங்கள் ஓடும் என்று வக்கீல் சொன்னதால் விட்டுவிட்டோம். வாய்தா தேதிக்கு வக்கீல் குமாஸ்தாவை நம்பி இருக்காதீர்கள். வழக்குக்கு 16 இலக்க சிஎன்ஆர் எண் ஒன்று இருக்கும், இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி நம் போனிலேயே தெரியும்.

வாய்தாக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலையில் போவோம், கூப்பிடுவார்கள், அடுத்த தேதி போடுவார்கள். ஜட்ஜ் லீவு என்றால் அதுவும் இல்லை. மாஸ்டரிடம் கடையை விட்டுவிட்டு வந்து கோபாலபுரம் கோர்ட் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நிற்பேன். எதிரே அந்தப் பெரியவரும் நிற்பார். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி நிற்பதே பெரிய வேலையாக இருக்கும். ராத்திரியெல்லாம் மனசுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டிருப்பேன். "அந்த மனுசனையே நெனச்சுட்டு மாவு பெசையறீங்க, ரொட்டி எப்படி உப்பும்?" என்று ஒரு நாள் வீட்டுக்காரி கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள்.

ஆதாரம் என்று பார்த்தால் என் கை ஓங்கித்தான் இருந்தது. மின்வாரிய இணையதளத்தில் சர்வீஸ் எண்ணைப் போட்டால் பழைய ரீடிங் எல்லாம் வரும். ஜூன் 30 அன்று நான் எடுத்த ரீடிங்குக்கும் அடுத்த பில் ரீடிங்குக்கும் ஓவன் ஓடிய வித்தியாசம் இல்லை, நாலைந்து யூனிட்தான். அதைவிட நல்ல சாட்சி ஒன்று தானாக வந்து மாட்டியது. அதே கடையில் செல்போன் கடை வைத்தவர் ஆவணி கடைசி முகூர்த்தத்தில் திறப்பு விழா நடத்தியிருந்தார். தேதியோடு பெரிய ஃபிளெக்ஸ், அதில் வாழ்த்துபவர் வரிசையில் ஓனரின் படம் சிரித்துக்கொண்டு இருந்தது. அக்டோபர் வரை சாவி என்னிடம் இருந்ததென்றால் ஆவணியில் ரிப்பன் வெட்டியது எப்படி? பழைய வாடிக்கையாளர் ஒருவர் எடுத்த போட்டோ அது. இந்த மாதிரிப் போட்டோ, மெசேஜ் எல்லாம் கோர்ட்டில் செல்ல அதற்கென்று ஒரு சான்றிதழ் மனுவோடு வைக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தின் 63ஆவது பிரிவு. எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு சாட்டை அழித்துவிடாதீர்கள். அவர் கேட்ட சேதாரமும் நிற்காது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் வாடகைதாரரிடம் கேட்பது, நியாயமான பயன்பாட்டுத் தேய்மானம் போக, வாங்கிய நிலையில் இடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றுதான். ஆறு வருடம் ஓவன் ஓடிய சுவர் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: நாம் பொருத்திய சாமானை, இடம் நம் கையில் இருக்கும் வரைதான் கழற்றி எடுத்துக்கொள்ள முடியும், ஒப்படைத்த பிறகு முடியாது. என் எக்ஸாஸ்ட் பேனும் ஒரு கிளாஸ் ரேக்கும் அப்படித்தான் போயின.

இவ்வளவு இருந்தும் ஏன் ராஜிக்குப் போனேன் என்று நண்பர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். வக்கீலிடம் நேராகவே கேட்டேன், சாட்சி விசாரணை, வாதம், தீர்ப்பு, அவர் அப்பீல் போனால் அது, பிறகு டிகிரியை, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணையை, வைத்துப் பணம் வாங்க நிறைவேற்று மனு, எல்லாம் சேர்த்து எவ்வளவு காலம் என்று. அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். நியாயம் என் பக்கம் இருந்தது, வருடங்கள் அவர் பக்கம் இருந்தன. நகைக்கடன் வட்டியோ யார் பக்கமும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கை சமரச மையத்துக்கு அனுப்பக் கேட்டு மனு கொடுத்தோம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு இது, இப்போது மாவட்டக் கோர்ட் வளாகங்களுக்குள்ளேயே நடக்கிறது. பயிற்சி பெற்ற வக்கீல் ஒருவர் சமரசராக நடுவில் உட்காருவார், நமக்குக் கட்டணம் கிடையாது. தேசிய மக்கள் நீதிமன்றம் இன்னொரு வழி. அங்கே ஒரே நாளில் முடியும், ஆனால் கூட்டத்தில் பொறுமையாகப் பேச நேரம் கிடைக்காது. எங்கள் மாதிரி மனக்கசப்பு ஊறிப்போன கேஸுக்கு சமரச மையம்தான் சரி என்பது என் எண்ணம்.

உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, கோர்ட்டிலும் அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. அதனால் அதை விடுகிறேன். வராந்தாவில் நடந்ததைச் சொல்லத் தடையில்லை. இரண்டாவது முறை போனபோது உள்ளே கூப்பிட நேரமாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "சரவணம்பட்டி யாவாரம் பரவால்லீங்களா?" என்றார். வருடக்கணக்கில் பேசாத மனிதர். "பரவாயில்லீங்க ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பையன் இடத்தை விக்கச் சொல்றான். கேஸ் இருக்குதுன்னு வர்றவனெல்லாம் யோசிக்கிறான்" என்றார். எனக்கு அப்போதுதான் அவருக்கும் அவசரம் இருக்கிறது என்று தெரிந்தது. எதிராளிக்கு இந்த வழக்கால் எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் தொகை பேசாதீர்கள். வாதத்தில் யார் ஜெயிப்பார் என்பதை வைத்து ஓனர்கள் பணம் கொடுப்பதில்லை.

2,10,000 ரூபாய்க்கு முடிந்தது. தொகை முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைகொடுத்துக்கொண்டார்கள். வேலையே அதற்கு மேல்தான் இருந்தது. அவர் தரப்பு தயாரித்த முதல் வரைவைப் பார்த்தால், வழக்கை வாபஸ் வாங்குகிறோம் என்று மட்டும் இருந்தது. வாபஸிலும் இரண்டு விதம் உண்டு. ‘மறுபடி வழக்குப் போடும் உரிமையோடு’ வாபஸ் வாங்கக் கோர்ட் அனுமதித்தால், அவர் நாளைக்கே புது நம்பரில் வரலாம். வாபஸ் வேண்டாம், சமரச டிகிரி வேண்டும் என்று நின்றோம். இரு தரப்பும் சம்மதித்துப் பெறும் டிகிரிக்கு அப்பீல் கிடையாது, பணம் வராவிட்டால் நேராக நிறைவேற்று மனுவே போடலாம். அடுத்து, ‘இந்த வழக்கு தொடர்பாக இனிக் கோரிக்கை இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். கரண்ட் பாக்கி, சொத்துவரி என்று வேறு தலைப்பில் வரமாட்டார்களா? ‘மேற்படி கடையின் வாடகை, அட்வான்ஸ், சேதாரம், மின்கட்டணம் உட்பட எந்த வகையிலும் ஒருவர் மேல் ஒருவருக்கு இனிக் கோரிக்கை இல்லை’ என்று மாற்றினோம். வரைவு இங்கிலீஷில் இருந்தது. சமரசரைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், அவர் முகம் சுளிக்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயத்தை வக்கீலின் குமாஸ்தாதான் பிடித்தார். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் காசு கிடையாது. சும்மா போட்டுப் பார்த்தார். 2021இலேயே அந்த இடம் மகன் பெயருக்கு செட்டில்மென்ட் ஆகியிருந்தது. நான் காலி செய்தபோதே சட்டப்படி ஓனர் மகன்தான். பெரியவர் மட்டும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால், ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று நாளைக்கு மகன் வந்து நிற்கலாம். மகனும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றோம். ‘எங்க மேல நம்பிக்கை இல்லையா’ என்று அவர்களுக்குக் கொஞ்சம் கோபம். இருந்தாலும் வந்தான், அடுத்த முறை பெங்களூரிலிருந்து. ராஜி பேசுவதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கூட்டுப் பட்டா, அண்ணன் தம்பி பாகம் என்றெல்லாம் இருந்தால் இது இன்னும் முக்கியம்.

பிறகு செக். 2016இல் செக்யூரிட்டி என்று தொகை எழுதாத ஒரு செக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன், கடைக்காரர்கள் பாதிப் பேர் கொடுப்பதுதான். தேடினால் கிடைக்கவில்லை என்றார்கள். பேங்கில் ஸ்டாப் பேமென்ட் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அப்படித் திரும்பும் செக்குக்கும் 138 கேஸ், அதாவது செக் பவுன்ஸ் கேஸ், போட முடியும். செக் நம்பரைக் குறிப்பிட்டு, ‘தொலைந்துவிட்டது, கிடைத்தாலும் செல்லாது, அதன் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தோம். பணம் 1,10,000க்கு டிடி அன்றைக்கே, மீதி ஒரு லட்சம் 60 நாளில் பேங்க் மூலம் நெஃப்ட். தவறினால் 12 சதவீத வட்டி என்று ஒரு வரி சேர்த்தோம். பின் தேதியிட்ட செக் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றேன். ஒரு கேஸை முடிக்க இன்னொரு செக் கேஸுக்கு விதை போடுவானேன். ஒரு லட்சம் 58ஆவது நாள் வந்தது. அந்த வரி இல்லாவிட்டால் எப்போது வந்திருக்குமோ.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கைக்கு வந்தது 2,10,000. வக்கீல் ஃபீஸ் 55,000. நோட்டீஸ், டைப்பிங், நகல், குமாஸ்தா என்று சில்லறையாக 8,000. நகைக்கடன் வட்டி, மீட்கும் வரை, கிட்டத்தட்ட 80,000. நாலு லட்சம் அட்வான்ஸில் எனக்கென்று நின்றது 67,000. கடையை விட்டுவிட்டு அலைந்த நாட்களுக்கு விலை போடவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பது உண்மை. பெரியவர் மேல் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். லாக்டவுனில் பாதி போதும் என்று சொன்ன வாய்தான் அதைப் பாக்கி என்றும் சொன்னது, அது இன்னும் உறுத்துகிறது.

முடிந்த பிறகு செய்யவேண்டிய சில வேலைகள் உண்டு. சமரச டிகிரியின் சான்றிட்ட நகலுக்கு உடனே காப்பி அப்ளிகேஷன் போடுங்கள், இரண்டு பிரதி வாங்குங்கள். ஜிஎஸ்டியில் பழைய கடை முகவரி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மாறிய 15 நாளுக்குள் திருத்த வேண்டும் என்பது விதி, நான் காலி செய்தபோதே செய்துவிட்டேன், இல்லையென்றால் அதுவும் ஒரு புள்ளியாகப் பிராதில் வந்திருக்கும். கோர்ட் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள். இப்படி முடியும் வழக்கில் கட்டிய கட்டணம் முழுக்கத் திரும்பக் கிடைக்கும், தமிழ்நாட்டுச் சட்டத்தில் 69ஏ என்று தனிப் பிரிவே இருக்கிறது. சமரச மையத்துக்கே போகாமல் வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவருக்கும் 12,000 திரும்ப வரும் என்று பேச்சுவார்த்தையில் சமரசர் எடுத்துச் சொல்லலாம், அது ஒரு சின்ன இனிப்பு. அதற்குக் கோர்ட்டில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். என் 12,000க்கு மனு போட்டாயிற்று. போன வாரம் கேட்டதற்கு, சான்றிதழ் டைப் ஆகிவிட்டது, கையெழுத்துத்தான் பாக்கி, திங்கட்கிழமை வாங்க என்றார் குமாஸ்தா.